படுக்கையில் விழுந்த காவற்காரன்

2022ஆம் ஆண்டு யூலை மாதத்து விடியற்காலை ஒன்றில் எமது வீட்டு நாய் வீரன் கிணற்றடியில் விழுந்து கிடந்தது. முதல் நாள் இரவு படலையைச் சாத்தியபோது வழமைபோல எம்முடன் வந்து நின்றுவிட்டுப் போன நாய். காலையில் எம்மைக் கண்டதும் வாலை அசைத்தது. எழும்ப முயன்றது. இடப்பக்கத்து முன்காலும் பின்காலும் மடிந்துபோக, மீண்டும் அதே பக்கமாகச் சரிந்தது.

வீரன், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளை வாய்க்கால் ஒன்றின் அருகேயுள்ள எமது காணியில் பதினொரு வருடங்களாகக் காவல் இருந்தது. நாம் மீளக்குடியமர்ந்த பின், 2011இல் குட்டியாக வந்தது. அல்சேஷன் கலப்பு. நெல்மூட்டை நிறுக்கும் தராசில் ஒருமுறை வேடிக்கையாக நிறுத்துப் பார்த்தபோது 36 கிலோ காட்டியது. நாம் எழுத வந்ததும் அந்த 36 கிலோவைப் பற்றித்தான். சிறிய நாய் விழுந்தால் ஒரு பிள்ளையே தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும். பெரிய நாய் விழுந்தால், அதை விழுத்திய நோயைவிட அதன் பாரமே அதற்குப் பெரும் பகையாகி விடுகிறது.

தலையை வலப்பக்கம் திருப்பியபடி கிடந்த நாயின் கடைவாயிலிருந்து வீணீர் வடிந்தது. அயலவர் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்றே, "கிட்டப் போகாதேங்கோ, விசர் போலை கிடக்கு" என்றார். அவர் சொன்னதிற் தவறில்லை. விசர்நாய் நோய் எப்போதும் வெறிகொண்டு ஓடிக் கடிப்பதாகவே வரும் என்று எம்மிற் பலர் நினைக்கிறோம். தாடை தொங்கி, குரல் மாறி, விழுங்க முடியாமல், மூலையில் ஒதுங்கிக் கால்கள் சோர்ந்து போகும் வடிவமும் அதற்கு உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்றெண்ணி அந்த வாய்க்குள் கையை விடுவது பேராபத்து. எனவே நடக்க முடியாமல் விழுந்த எந்த நாயையும் தொடுவதற்கு முன், அதற்குத் தடுப்பூசி போட்ட துண்டைத் தேடி எடுக்க வேண்டும். ஊசி போடாத நாயாயின், அல்லது போட்டதா இல்லையா என்று தெரியாதாயின், அதன் வாயையும் வீணீரையும் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டிருந்தால், அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீரனுக்கு வருடந்தோறும் போட்ட ஊசித் துண்டுகள் அம்மாவின் றங்குப்பெட்டியில் இருந்தன.

அது எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். வைத்தியரின் மோட்டார் சைக்கிளும் நின்றுவிட்டது, அயலவரின் லான்ட்மாஸ்டரும் நின்றுவிட்டது. பழைய கதவுப் பலகை ஒன்றில் நாயை ஏற்றி, சாரத்தால் தளர்வாகக் கட்டி, மரக்கறி வியாபாரி ஒருவரின் தள்ளுவண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். இப்படிப்பட்ட நாயைக் கைகளிற் தூங்கவிட்டுத் தூக்கக்கூடாது. முதுகு நேராகக் கிடக்கும்படி பலகையிலோ கெட்டியான போர்வையிலோ கொண்டுபோக வேண்டும் என்பதைப் பின்னர் வைத்தியரும் சொன்னார்.

வைத்தியர் முதலிற் கேட்டது ஊசித் துண்டைத்தான். அடுத்ததாகக் காது மடல்களிலும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணி தேடினார். ஈறு வெளிறியிருக்கிறதா என்று பார்த்தார். உண்ணியால் வரும் காய்ச்சலிலும் நாய் எழும்ப முடியாமல் விழுவதுண்டு. பாம்பு கடித்த அடையாளம் இருக்கிறதா என்றும் பார்த்தார். பின்னர் கண்களை நெடுநேரம் கவனித்தார். கிழட்டு நாய்களுக்குத் திடீரெனச் சமநிலை தவறித் தலை சரிந்து, கண்மணி இரண்டும் இடைவிடாமல் ஒரு பக்கம் துடிப்பதுண்டாம். அது உட்காதைச் சார்ந்த கோளாறு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், இரண்டு மூன்று நாட்களில் தணியத் தொடங்கி, சில வாரங்களில் பெரும்பாலும் மாறிவிடும். கால்களின் பலம் அதிற் போவதில்லை. வீரனுக்குக் கண் துடிக்கவில்லை, பலம்தான் ஒரு பக்கம் போயிருந்தது. மூளையின் வலப்பாதியிற் பாரிசவாதம் என்றே கொள்ள வேண்டும் என்றார். மூளையைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி நாம் போகக்கூடிய தூரத்தில் இருக்கவில்லை.

எம்மிடம் ஒரு கேள்வி இருந்தது. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த அஸ்பிரின் வீட்டில் மிஞ்சியிருந்தது, அதைக் கொடுக்கலாமா? கூடாது என்று உறுதியாகச் சொன்னார். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டாலும் பாரிசவாதம், வெடித்து இரத்தம் கசிந்தாலும் பாரிசவாதம். எதுவென்று தெரியாமல் இரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுத்தால் கசிவு பெருகலாம். பனடோலும் அப்படியே, நாயின் ஈரலையும் இரத்தத்தையும் அது கெடுக்கும். வைத்தியர் தந்த மருந்துகள் சொற்பம். "மிச்சமெல்லாம் உங்கடை கையிலைதான். மூண்டு கிழமை பாருங்கோ" என்றார்.

வண்டிலைத் தள்ளிக்கொண்டு திரும்பும் வழியிற் கேட்ட வார்த்தைகள் பல. "மனிசருக்கே மருந்தில்லை, நீங்கள் நாய்க்குப் பாக்கிறியளோ?" "பேசாமல் ஊசியைப் போட்டு விடுங்கோ அண்ணை." மருந்துத் தட்டுப்பாட்டினால் ஆஸ்பத்திரியில் இருந்து வெறுங்கையோடு வந்தவர்களும் அவ்வாறு சொன்னவர்களில் இருந்தனர். ஆகையால் நாம் எவருக்கும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போய், அப்பா படுத்திருந்த தும்பு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து விறாந்தையிற் போட்டார்.

அப்பா 2016இல் பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருடங்கள் படுக்கையில் இருந்தவர். அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, மணிக்கு மணி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எமக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நல்லாய் நித்திரை கொள்கிறார், எழுப்பக்கூடாது என்று விட்டுவிட்டோம். மூன்றாம் வாரத்தில் இடுப்பெலும்புக்கு மேலே ஒரு சிவப்பு. பின்னர் அது உள்ளங்கை அளவு புண்ணாகி, கடைசிவரை ஆறவேயில்லை. 2018இல் அவர் போனது அந்தப் புண்ணோடுதான்.

புரட்டும் நேரங்கள்

ஆகவே முதல் நாளே நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினோம். காலை ஆறு, பத்து, பின்னேரம் இரண்டு, ஆறு, இரவு பத்து, சாமம் இரண்டு. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாயைப் பக்கம் மாற்ற வேண்டும். வீட்டில் நால்வர்: நாம் இருவர், அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். சாமம் இரண்டு மணி முறையை அம்மா தாமாகவே எடுத்துக்கொண்டார். புரட்ட இரண்டு பேர் வேண்டுமென்பதால், அம்மாவோடு நாமும் மாறி மாறி எழும்பினோம்.

நாயை முதுகின் மேலாகப் புரட்டக்கூடாது. முதலில் நெஞ்சின் மேல் எழுப்பி, கால்களை அடியில் மடித்து இருத்தி, ஒரு நிமிடம் அப்படியே தாங்கிப் பிடித்து, அதன் பின்னர் மற்றப் பக்கம் சரிக்க வேண்டும். ஒருவர் தோளிலும் மற்றவர் இடுப்பிலும் பிடித்தால் முதுகுப் பிடிப்பு வராது. எவ்வளவு பழகிய நாயானாலும் பயத்தாலும் நோவாலும் கடிக்கக்கூடும். வீரனும் இரண்டாம் நாள் மகளின் கையைக் கௌவியது. பல் பதியவில்லை. அன்றிலிருந்து தலைப்பக்கம் பெரியவர்களே நின்றோம்.

தும்பு மெத்தை சலத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அதன் மேல் வெட்டிய உரப்பையை விரித்து, அதற்கு மேல் வைக்கோல் திணித்த சாக்கு, அதற்கு மேல் பழைய பெற்சீற்றுத் துண்டு என்று போட்டோம். நனைந்த துண்டையும் வைக்கோலையும் மட்டும் மாற்றினால் போதும். வைக்கோல் நிரம்ப உள்ள வீடுகளுக்கு இதைவிட மலிவான படுக்கை கிடையாது. முழங்கை, தோள், இடுப்பு ஆகிய மூன்று இடங்களிலும் மயிரை விலக்கித் தினமும் தோலைப் பார்க்க வேண்டும். ஆறாம் நாள் இடது முழங்கையிற் சிவப்புக் கண்டோம். அன்றிலிருந்து இடப்பக்கம் படுக்கும் நேரத்தை இரண்டு மணித்தியாலமாகக் குறைத்து, முழங்கையைச் சுற்றித் துணிச் சும்மாடு வைத்தோம். சிவப்பு நான்கு நாட்களில் மறைந்தது. அம்மா அந்த முழங்கையை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எம் நாட்டில் இதைவிட விரைவாக வரும் ஆபத்து இலையான். சலத்திலோ மலத்திலோ நனைந்த மயிரில் இலையான் முட்டையிட்டால், ஒரு நாளுக்குள்ளேயே புழு வெளிவந்துவிடும். வாலடி மயிரையும் பின்தொடை மயிரையும் கத்தரித்து, நனைந்த உடனேயே இளஞ்சூட்டு நீராற் கழுவி, ஈரமில்லாமல் துடைத்தோம். பகலில் அப்பாவின் நுளம்பு வலையைக் கட்டி அதற்குள் படுக்க வைத்தோம். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

சலமும் சாப்பாடும்

சலம் போகிறதா என்பதை நாளுக்கு இரு முறையாவது கவனிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கசிவதைச் சலம் போவதாக எண்ணிவிடக்கூடாது. பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் கசியும். அரை நாளுக்கு மேலாகச் சலம் போகாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். அடிவயிற்றை அழுத்திச் சலம் எடுக்கும் முறையை அவர் காட்டித் தந்த பின்னரே செய்யலாம்.

தண்ணீரையும் கஞ்சியையும் படுத்திருக்கும் நாயின் வாயில் ஊற்றுவது எம்மவர் வழக்கம். அது நுரையீரலுக்குட் போய்ச் சளிக்காய்ச்சலாகும். நெஞ்சின் மேல் இருத்தி, தலையை நெஞ்சைவிட உயர்த்தி, விழுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கரண்டியாற் கொடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் நீர் வேண்டும். வெயிற் காலத்தில் இன்னும் கூடுதலாக. குழைந்த சோறு, முள் நீக்கிய மீன், அவித்த பூசணிக்காய் ஆகியவற்றைப் பிசைந்து கொடுத்தோம். கறிக் குழம்பு விடவில்லை. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்துக்குக் கூடாதவை என்பதைப் பதினொரு வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்துகொண்டோம்!

ஐந்தாம் நாள் ஒரு புதினம் கண்டோம். வீரன் தட்டின் வலப்பாதியை வழித்துத் தின்றுவிட்டு, இடப்பாதியை அப்படியே விட்டுவிட்டு, இன்னும் கேட்பதுபோல எம்மைப் பார்த்தது. பசியில்லையோ என்று முதலில் நினைத்தோம். தட்டைத் திருப்பி வைத்ததும் மீதியையும் தின்றது. மூளையின் ஒரு பாதி பழுதுபட்டால், மறுபக்கத்தில் இருப்பது இல்லாதது போலாகிவிடுமாம். நாமும் அதன்பின் இடப்பக்கமிருந்து திடீரென்று தொடுவதை நிறுத்தி, பேர் சொல்லிக்கொண்டே வலப்பக்கமாக வந்தோம்.

சாரமும் வாய்க்காலும்

நான்காம் நாள் முதல் ஒவ்வொரு காலையும் நாளுக்கு மூன்று முறை மெல்ல மடக்கி நீட்டினோம். மூட்டு இறுகாமலிருக்கவே இது. விரலிடுக்கை வருடினால் கால் சற்று இழுபடும். அந்தச் சிறு இழுப்பு நாளுக்கு நாள் பலப்பட்டது. ஒன்பதாம் நாள் பழைய சாரமொன்றை மடித்து வயிற்றுக்குக் கீழே, பின்தொடைகளுக்கு முன்னால் கொடுத்து இருபக்கமும் பிடித்துத் தூக்கினோம். முன்னால் ஒருவர் நெஞ்சைத் தாங்கினார். நின்றது ஒரு நிமிடங்கூட இராது. சீமெந்துத் தரையிற் கால் வழுக்கியதால், மறுநாளிலிருந்து முற்றத்து மணலிலேயே நிற்பாட்டினோம். விறாந்தையில் நடக்கும் வழியெல்லாம் சாக்கு விரித்தோம்.

பதினாறாம் நாள் நான்கு அடி வைத்தது. இடது முன்பாதம் மடங்கி இழுபட்டு நகம் தேய்ந்து இரத்தம் வந்ததால், நடக்கும் நேரத்துக்கு மட்டும் தடித்த துணியுறை தைத்துப் போட்டோம். நான்காம் வாரத்தில் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, வாய்க்காலில் முழங்கால் அளவு நீரில் இறக்கி, சாரத்தை விடாமல் ஐந்து நிமிடம் நடத்தினோம். 36 கிலோவில் ஒரு பங்கை நீர் தாங்கிக்கொண்டது. கரையில் நான்கடிக்கு இளைத்த நாய் அங்கே இருபதடி நடந்தது. ஆறாம் வாரம் தானாகவே படலைவரை போய், அங்கே நின்று ஒருமுறை குரைத்தது. ஊசி போடச் சொன்ன அயலவர்தான் முதலிற் கேட்டுவிட்டு ஓடி வந்தவர்.

முழுச் சுகம் வரவில்லை. வலப்பக்கமாகவே வட்டமிட்டு நடக்கும் பழக்கம் கடைசிவரை இருந்தது. இடப்பக்கமாக மாடு வந்தாற் தெரியாது. ஆகவே வீதிக்கு விடவில்லை.

இதை வாசிப்பவர்கள் எல்லோரும் இப்படியே செய்ய வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. எமது வீட்டில் நான்கு பேர் இருந்தோம். வயதான ஒருவர் தனித்திருக்கும் வீட்டில் 36 கிலோ நாயைச் சாமத்திற் புரட்ட ஆளில்லை. விழுங்கவே முடியாத நாய், வலிப்பு அடங்காத நாய், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் சற்றும் மாற்றம் காணாத நாய் ஆகியவற்றை வைத்தியரின் ஊசியால் அமைதியாகப் போகவிடுவது கொடுமையன்று. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதுமில்லை. கொடுமை என்பது, அவற்றை உரப்பையிற் போட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவது. அதைச் செய்வோர் எமது ஊரிலும் உண்டு.

வீரன் 2023 கார்த்திகை மழையில், நித்திரையிலேயே போய்விட்டது. தும்பு மெத்தையை வெயில் வந்ததும் காயப்போட்டு எடுத்து வைத்திருக்கிறோம். சுவரில் ஒட்டிய நேரசூசியைக் கழற்றியாயிற்று. ஆனாலும் அம்மா சாமம் இரண்டு மணிக்கு எழும்புவதை விடவில்லை. எழும்பி விறாந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆட்டுக்கொட்டில்வரை போய்த் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்.