கேட்கும்போது உருவாகும் பக்கம்

ஒரு வலைத்தளத்தில் 500 கட்டுரைகள் இருந்தால், அதன் சர்வரில் 500 பக்கங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் என்றுதான் நினைப்போம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்தில் அப்படி ஒரு பக்கம்கூட இருக்க வேண்டியதில்லை. வாசகர் முகவரியைத் தட்டிய பிறகுதான் பக்கமே பிறக்கிறது, ஆர்டர் வந்தபின் கல்லில் வார்க்கிற தோசை மாதிரி.

உலாவியிடமிருந்து கோரிக்கை வந்ததும் சர்வரில் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட நிரல் ஓடத் தொடங்குகிறது. முகவரியைப் படித்து, எந்தக் கட்டுரையைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறது. மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுக்கிறது. தலைப்பு எங்கே வர வேண்டும், எழுத்துரு எது, படம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் ‘தீம்’ என்ற கோப்புத் தொகுப்பு சொல்கிறது. இரண்டையும் இணைத்து முழுப் பக்கமாக்கி அனுப்பிவிட்டு நிரல் ஓய்ந்துவிடும். வாசகர் கூட்டம் அதிகமுள்ள தளங்களில், ஒருமுறை உருவான பக்கத்தைச் சிறிது நேரம் சேமித்து வைத்து அடுத்து வருபவருக்கும் அதையே கொடுப்பார்கள். அதைத்தான் கேஷ் என்கிறார்கள்.

எழுத்து ஓரிடத்திலும் தோற்றம் வேறிடத்திலும் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். 1990களில் பக்கங்களைக் கையால் எழுதியவர்கள் மேலே உள்ள ஒரு பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் எல்லாக் கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. இன்று தீம் ஒன்றை மாற்றினால் தளம் முழுக்கப் புதுச் சட்டை போட்டுக்கொள்கிறது. கட்டுரையில் ஒரு புள்ளிகூட நகர்வதில்லை.

புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் 12 அட்டவணைகள் இருக்கும். அவற்றில் ‘போஸ்ட்ஸ்’ அட்டவணைதான் கருவூலம். கட்டுரைகள், ‘என்னைப் பற்றி’ போன்ற நிலையான பக்கங்கள், திருத்தும்போது சேரும் பழைய வடிவங்கள் எல்லாம் அதில் வரிவரியாக உட்கார்ந்திருக்கின்றன. படங்கள் மட்டும் கோப்புகளாகத் தனி ஃபோல்டரில் இருக்கும்.

தமிழில் எழுதுபவர்கள் இந்த அட்டவணையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுரையின் தலைப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் அதன் இணைய முகவரியை உருவாக்குகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். ‘தமிழ்’ என்ற சொல்லில் நாம் பார்ப்பது மூன்று எழுத்து. கணினிக்கோ இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 5 குறிகள், முகவரியில் 45 இடங்கள். முகவரிக்கு அட்டவணையில் ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். 22 குறிகள் தாண்டியதும் முகவரி சொல்லின் நடுவிலேயே வெட்டுப்பட்டுவிடும். பல தமிழ்த் தளங்களின் முகவரிகள் பாதிச் சொல்லில் முடிவதற்குக் காரணம் இதுதான். வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் இரண்டே தமிழ்ச் சொற்களை நாமே எழுதிவிட்டால் போதும், அழகாக நிற்கும்.

இந்த மென்பொருள் பிறந்த கதை அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. மிஷேல் வால்ட்ரிகி என்ற பிரெஞ்சுக்காரர் 2001இல் ‘பி2’ என்ற வலைப்பதிவு மென்பொருளை உருவாக்கினார். சிறிது காலத்தில் அதன் வளர்ச்சி நின்றுபோனது. அதைப் பயன்படுத்திவந்த மேட் முல்லன்வெக்குக்கு அப்போது 19 வயது. பி2 குனூ பொது உரிமத்தில் வெளியானது என்பதால் யார் வேண்டுமானாலும் அதை எடுத்து வளர்க்கலாம் என்று 2003 ஜனவரியில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் கைகொடுக்க முன்வந்தார். அந்த ஆண்டு மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. உருவாக்கியவர் விலகியபின்னும் நிரல் சாகவில்லை. உரிமம் அதைக் காப்பாற்றியது. இன்று உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இதில்தான் ஓடுகின்றன.

இதற்கு நேரெதிராக ஜியோசிட்டீஸைச் சொல்லலாம். லட்சக்கணக்கானவர்கள் அங்கே இலவசமாகப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் அதை மூடியது. தொண்டு மனம் கொண்டவர்கள் முடிந்தவரை பிரதி எடுத்து வைத்தார்கள், மற்றவை போயின. ஆண்டுக்கணக்கில் எழுதியதை இன்னொருவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வேர்ட்பிரஸிலும் இரண்டு வாசல் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர்ட்பிரஸ்.காம் என்பது முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் கிடைப்பது மென்பொருள். அதை இறக்கி நாம் விரும்பும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். தளத்தின் முகவரியாக அமையும் டொமைன் பெயரை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் அமைத்துக் கொடுப்பவரின் கணக்கில் விட்டுவிட்டால், அவரைத் தேடிப் பிடிக்க முடியாத நாளில் பெயரும் கையை விட்டுப் போகும். ஆண்டுக் கட்டணத்தை மறந்தாலும் அதே கதிதான்.

சொந்தத் தளத்துக்குப் பராமரிப்பு வேண்டும். கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களை ப்ளக்இன் என்கிறோம், தமிழில் செருகுநிரல். ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர் கைவிட்ட பழைய ப்ளக்இன்தான் திருடர்கள் விரும்பி நுழையும் ஜன்னல். தேவையில்லாததை முடக்கி வைத்தால் போதாது, அழித்துவிட வேண்டும். சிறு பாதுகாப்புத் திருத்தங்களை 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே போட்டுக்கொள்கிறது. ப்ளக்இன்களுக்கும் அந்தத் தானியங்கி வசதியை இயக்கி வைக்கலாம்.

பேக்கப் எடுப்பவர்களில் பலர் பாதிதான் எடுக்கிறார்கள். தரவுத்தளத்தின் பிரதி ஒன்று, படங்களும் தீமும் ப்ளக்இன்களும் இருக்கும் ‘டபிள்யூபி-கன்டென்ட்’ ஃபோல்டர் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் தளம். தரவுத்தளத்தை விட்டால் எழுத்து போகும், ஃபோல்டரை விட்டால் படங்கள் போகும். இரண்டையும் அதே சர்வரில் வைப்பதில் பயனில்லை, வீட்டுக் கணினிக்கு இறக்கிவிட வேண்டும். வேர்ட்பிரஸை உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவ முடியும். அந்தப் பிரதியை அங்கே ஏற்றிப் பாருங்கள். இணைய இணைப்பைத் துண்டித்த பிறகும் பழைய கட்டுரை ஒன்று படத்தோடு திறந்தால் பேக்கப் சரியாக இருக்கிறது.