வண்டி ஷாக்கை வீட்டிலேயே மாற்றலாமா?



குழுக் கடனில் லோடு வண்டி வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் வண்டி நாலு தடவை குதிக்குதா? ஷாக் அப்சார்பரைப் பாருங்க. எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தால் அது போய்விட்டது. கூடையில் தக்காளி நசுங்குவது ஒருபுறம். சக்கரம் தரையில் சரியாகப் பதியாததால் பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். அதுதான் பயம்.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். ஷாக் அதன் ஆட்டத்தை அடக்கும். பல லோடு வண்டிகளில் பின்னால் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்கும், தனியாக ஷாக்கும் இருக்கும். இதை ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே மாற்றலாம். மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு, அவ்வளவுதான். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் விடுங்க. சரக்கை இறக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. கை எட்டினால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைக்கணும். செங்கல் நொறுங்கிவிடும். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கணும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிச் சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் இருந்தால் கை வைக்காதீங்க. அது அழுத்தி அடைத்த சுருள். மேல் நட்டைக் கழற்றினால் பாய்ந்து ஆளையே அடிக்கும். கூலி மிச்சம் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. ஒர்க்‌ஷாப்பில் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்து, பில்லை வண்டிக் கணக்கு நோட்டில் வையுங்க.