பாணுக்குள் கம்பித்துண்டு

மச்சாள் வாங்கிவந்த பாணைக் கடித்தபோதுதான் என் கடைவாய்ப்பல் உடைந்தது. உள்ளே நகமளவு கம்பித்துண்டு. கல்லடியிலுள்ள அந்தப் பேக்கரிக்குப் போனோம். "வாங்கினது நீங்களில்லையே, உங்களுக்கு நான் ஏன் காசு தரவேணும்?" என்றார் முதலாளி. பேசாமல் திரும்பிவிட்டேன். பல்லுக்குச் செலவழித்தது சங்கத்தில் கட்டவிருந்த கடன் தவணை.

பிறகு மாதர் சங்கத்துக்கு வந்த சட்டத்தரணி ஒரு கதை சொன்னார். 1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டொனகியூ என்ற ஏழைப் பெண், தோழி வாங்கிக்கொடுத்த ஜிஞ்சர் பியரைக் குடித்தார். மிச்சத்தை ஊற்றியபோது போத்தலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாம். காசு கொடுத்தது தோழி. ஆனாலும் போத்தலில் அடைப்பவர் அதைக் குடிப்பவருக்காகவும் கவனமாயிருக்கவேண்டும் என்று 1932இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. (நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவேயில்லை!)

இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பொருள் விற்ற 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டால், சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். அவர் உணவுச் சட்டத்தின்கீழ் வழக்கு வைப்பார். ஆனால் அங்கே கட்டும் தண்டப்பணம் நம் கைக்கு வராது.

நாளை எண்ணிப் பார்த்தேன். இன்னும் 9 நாள் இருந்தது. கம்பியைத்தான் காணவில்லை, மச்சாள் அன்றைக்கே குப்பையோடு கூட்டிக் கொட்டிவிட்டாள். பல் டொக்டர் தந்த துண்டு மட்டும் அலுமாரியில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அன்றிரவே முறைப்பாட்டை எழுதினேன். கம்பியைக் கண்ட சாட்சியாக மச்சாளும் கையெழுத்து வைத்தாள்.