அந்தமானுக்கு வேலை தேடி வருவோர் கவனத்திற்கு



நான் கட்டட வேலைக்காக இத்தீவுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று மேஸ்திரியாக இருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது போன் செய்து, "மாமா, கையில் தொழில் இருக்கிறது, அங்கே வேலை கிடைக்குமா?" என்று கேட்காத மாதம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நம் வாசகர்கள் தங்கள் உறவினருக்கும் இதைச் சொல்ல வேண்டுகிறேன்.

தமிழர் இங்கு வருவது புதிதல்ல. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகக் குடும்பங்களில் சில, 1970களில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரும் இத்தீவுகளுக்கு வந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றுக்குச் சுமார் 15 பேரின் தாய்மொழி தமிழ். ஆனால் கச்சாலுக்கு வந்தவர்களுக்கு வேலை முன்கூட்டியே காத்திருந்தது. இன்று வருபவர் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

எந்தத் தொழிலுக்குத் தேவை?

இத்தீவுகளுக்கு இந்தியப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி கிடையாது. மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. எனவே டீசல் மெக்கானிக்குக்கு எப்போதும் மதிப்பு உண்டு. படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், வெல்டர், வயர்மேன், பிளம்பர் ஆகியோருக்கும் அப்படியே. ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவு போன்ற சுற்றுலா இடங்களில் ஏ.சி. மெக்கானிக்கும் சமையல்காரரும் தேவைப்படுகிறார்கள்.

கொத்தனார், கம்பி கட்டுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இது நில நடுக்கம் மிகுந்த பூமி. 2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்க முடியாது. தூணில் வளையக் கம்பியின் நுனியை நன்றாக உள்ளே மடக்கிக் கட்டுவது இங்கே உயிர் காக்கும் வேலை. ஊரில் ஆற்றுமணலில் பழகிய கை, இங்கே கல்தூளிலும் பழக வேண்டும். மே மாதம் தொடங்கி ஆண்டின் பெரும்பகுதி மழை. வெளி வேலை அடிக்கடி நிற்கும். அந்த நாட்களுக்குக் கூலி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலேறும் முன்

சென்னையிலிருந்து கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம். வேலை சரியில்லை என்றால் மறுநாளே பஸ் ஏறித் திரும்பிவிட முடியாது. ஆகவே பேச்சை முடித்துவிட்டு ஏறுங்கள்.

1. ஐ.டி.ஐ. படித்தவர் தேசியத் தொழிற் சான்றிதழின் அசலைக் கொண்டு வாருங்கள். அது நாடு முழுவதும் செல்லும். படிக்காமல் அனுபவத்தில் கற்றவருக்கும், திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. வயர்மேன் உரிமம் இங்கு ஏற்கப்படுமா என்று முன்பே விசாரியுங்கள்.

2. நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

3. ஆதார், ரேஷன் அட்டை எண் இரண்டும் கையில் இருக்கட்டும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில், மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்கு இங்கேயும் தானியம் வாங்கலாம்.

4. கொஞ்சம் ஹிந்தி கற்றுக்கொள்ளுங்கள். தமிழர், வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லோரும் வேலைத்தளத்தில் பேசிக்கொள்வது அதில்தான்.

கூலிப் பதிவேட்டில் உங்கள் பெயர்

மிக முக்கியமானது இதுதான். குறைந்தபட்சக் கூலி, தொழில் தெரியாதவர், ஓரளவு தெரிந்தவர், தெரிந்தவர், மிகவும் தேர்ந்தவர் என்று தரம் பிரித்து நிர்ணயிக்கப்படுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஐந்து வருடம் வயரிங் வேலை பார்த்தவன். அழைத்து வந்த ஒப்பந்தக்காரர் பதிவேட்டில் 'ஹெல்பர்' என்று எழுதிவிட்டார். செய்தது வயர்மேன் வேலை, வாங்கியது ஹெல்பர் கூலி. கையில் சான்றிதழும் இல்லை, கடிதமும் இல்லை. எதை வைத்து வாதாடுவது? ஆறு மாதம் அப்படியே போயிற்று. அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு வைத்திருந்த கணக்கு அது. ஆகவே என்ன தரத்தில் உங்களைப் பதிந்திருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். தவறென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, அவர்களுக்கென ஒதுக்கிய பகுதிகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது குற்றம். நிக்கோபாரில் வேலை என்று யாராவது அழைத்தால், உங்கள் பெயரில் சீட்டு எடுத்தாயிற்றா என்று பார்த்த பிறகே படகேறுங்கள்.

இங்கே ஊன்றிவிட்ட நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு அழைக்கிறோம், நல்லதுதான். ஊர்க்காரர் என்ற நம்பிக்கையோடு ஒரு கடிதத்தையும் சேர்த்து வாங்கிக் கொடுப்போம். புதிதாக வருபவரின் சான்றிதழையும் கடிதத்தையும் சங்கத்தில் யாராவது ஒருவர் படித்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க முன்வர வேண்டுகிறேன்.