பிரிந்துபோன இரு ரூபாய்கள்

இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் இடையிலான மாற்று விகிதம், அதாவது ஒரு நாட்டின் பணத்தைக் கொடுத்தால் மற்ற நாட்டின் பணம் எவ்வளவு கிடைக்கும் என்னும் கணக்கு, 1966ஆம் ஆண்டு ஜூன் வரை ஒன்றுக்கு ஒன்று என்றே இருந்தது. அப்போது திண்டுக்கல்லை ஒரு வட்டமாகக் கொண்டிருந்த மதுரை ஜில்லாவின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணிகளின் வழியே இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள், தேயிலை பறித்துச் சேர்த்த ரூபாயைச் சொந்த ஊருக்கு அனுப்பியபோது, அது மாற்று விகிதத்தால் குறையாமல் வந்து சேர்ந்தது.

இந்தச் சமநிலை தற்செயலாக அமைந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தமிழகத்திலிருந்து சென்றதாலும், இந்தியாவுடனான அரிசி வணிகத்தாலும், இந்திய வெள்ளி ரூபாய் அத்தீவில் பரவலாகப் புழங்கியது. ஆங்கிலேய அரசு 1869இல் அதை அளவு வரம்பின்றிச் செல்லுபடியாகும் நாணயமாக ஏற்று, 1872 ஜனவரி 1 முதல் நூறு சதம் கொண்ட ரூபாயையே இலங்கையின் கணக்குப் பணமாக்கியது. இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 வரை நீடித்தது. ஆகவே சில்லறைக் கணக்கில் மட்டும் இரு கரைகளும் வேறுபட்டிருந்தன. 1884இல் இலங்கையில் தாள் பணத்துக்கென ஒரு நாணயச் சபை அமைந்தது. தான் வெளியிடும் நோட்டுகளுக்கு ஈடாக இருப்பு வைத்து, கேட்டவருக்குக் குறித்த விகிதத்தில் மாற்றித் தரக் கடமைப்பட்ட அமைப்பையே நாணயச் சபை என்பர். இந்திய வெள்ளி ரூபாயும் அந்த இருப்பில் இருந்ததால் சமநிலை நின்றது. 1949 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இரு நாடுகளும் ஒரே அளவில் தத்தம் ரூபாயையும் குறைத்து, டாலருக்கு 4.76 என்ற ஒரே விகிதத்துக்கு வந்தன. 1950இல் இலங்கை மத்திய வங்கி தோன்றிய பிறகும் அவ்விகிதம் மாறவில்லை.

இந்த நிலையில்தான் 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களுக்கிடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையின் மலைத்தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது வகுத்தது. புறப்படுவோர் ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுபோகலாம் என்றும், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் உறுதி கூறப்பட்டது. அத்தொகை எழுதப்பட்ட நாளில், எந்த நாட்டு ரூபாய் என்பதால் மதிப்பில் வேறுபாடு ஏதும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. சீனாவுடனும் பாகிஸ்தானுடனும் நடந்த போர்கள், 1965ஆம் ஆண்டின் வறட்சி, வெளிநாட்டு உதவி நின்றுபோனமை ஆகியவை ஒருங்கே நெருக்கியதால், இந்திரா காந்தி அரசு 1966 ஜூன் 6இல் ரூபாயின் மதிப்பை டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைத்தது. இலங்கை தன் விகிதத்தை மாற்றவில்லை. இரு நாட்டுப் பணத்தின் டாலர் விகிதங்களை ஒன்றால் ஒன்றை வகுத்தால் அவற்றுக்கிடையிலான மாற்று விகிதம் கிடைக்கும். அவ்வாறு பார்த்தால் ஓர் இலங்கை ரூபாய் ஒரே நாளில் ஏறத்தாழ 1.58 இந்திய ரூபாய்க்கு உயர்ந்தது. 4,000 ரூபாய் சேர்த்து வைத்த குடும்பத்துக்கு ஏறத்தாழ 6,300 இந்திய ரூபாய் கிடைத்திருக்கும். ஆனால் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் இலங்கையில் 1967இல்தான் இயற்றப்பட்டது. பெருந்திரளாகக் கப்பலேறுவது தொடங்குவதற்குள், 1967 நவம்பரில் பவுண்டைத் தொடர்ந்து இலங்கையும் தன் பணத்தின் மதிப்பை 20 விழுக்காடு குறைத்துவிட்டது. டாலருக்கு 5.95 என்றானதால், அதே 4,000 ரூபாய் ஏறத்தாழ 5,040 இந்திய ரூபாயாக இறங்கியது. தாயகம் திரும்பியோருக்கு மிகவும் சாதகமாக இருந்த அந்தப் பதினேழு மாதங்களால் பயன்பெற்றவர் மிகச் சிலரே.

1970களின் நடுவில் அதிகாரப்பூர்வ விகிதம் மீண்டும் ஒன்றுக்கு ஒன்றை நெருங்கியது. பிறகு 1977 நவம்பரில், ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது, இலங்கை ரூபாய் டாலருக்கு 16 என்ற விகிதத்திலிருந்து மிதக்க விடப்பட்டது. சந்தையின் தேவையும் வரத்தும் விலையைத் தீர்மானிக்க விடுவதை மிதக்க விடுதல் என்பர். அப்போது இந்திய ரூபாய் டாலருக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாக இருந்ததால், தலைமன்னாரிலிருந்து அதன்பின் இராமேசுவரம் வந்தவர் கையிலிருந்த 4,000 ரூபாய்க்கு இங்கே கிடைத்தது இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) வாழ்ந்து, ஒரே அளவு உழைத்த இரு குடும்பங்களுள் ஒன்று 1968இலும் மற்றொன்று 1978இலும் புறப்பட்டிருந்தால், இரண்டாவது குடும்பம் பாதிக்கும் குறைவான தொகையுடன் கரையேறியிருக்கும். அந்தப் பத்தாண்டுகளில் இந்தியாவில் ஏறியிருந்த விலைவாசி அதையும் மேலும் சிறிதாக்கியிருக்கும். புறப்படும் நாளை அக்குடும்பங்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. விண்ணப்பங்களும் கடவுச்சீட்டுகளும் அலுவலகங்களில் நகர்ந்த வேகமே அதைத் தீர்மானித்தது. குடியுரிமை, மறுவாழ்வுக் கடன், நூற்பாலை வேலை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் பேசும் மலையகத் தமிழர் வரலாறு இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும், ஏனெனில் ஒப்பந்தம் காத்தது தொகையை மட்டுமே, அதன் மதிப்பை அன்று.

தாயகம் திரும்பியோருள் பலர் கொடைக்கானல் மலைப்பகுதியில் குடியேறினர். அவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக, 1983க்குப் பின் இலங்கை உள்நாட்டுப் போரினால் அகதிகளாக வந்தவர்கள் திண்டுக்கல் சமவெளியின் முகாம்களில் தங்கினர். நகரை அடுத்த தோட்டனூத்தில் அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு கட்டிய 321 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்றது. டாலருக்கு 200 அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த அதன் ரூபாய் சில வாரங்களில் 350ஐக் கடந்தது. 1966 வரை ஒன்றுக்கு ஒன்றாக நின்ற விகிதம், ஓர் இந்திய ரூபாய்க்கு நான்கு இலங்கை ரூபாய்க்கும் மேல் என்றானது.