பன்றி உணவில் அமினோ அமிலங்களும் கனியுப்புகளும்

"உணவில் புரதம் கூடினால் விலங்கின் வளர்ச்சியும் கூடும்" எனப் பலர் விடை எழுதுவர். இது முழுமையான விடையன்று. ஏன் என்று பார்ப்போம்.

பதுளைத் தோட்டமொன்றில் இரண்டு பன்றிகளை வளர்க்கும் குடும்பம், சோளத்தையும் அரிசித் தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் உணவாகக் கொடுக்கிறது எனக் கொள்வோம். வயிறு நிரம்புகிறது, ஆனால் நிறை போதியளவு கூடவில்லை. காரணங்கள் இரண்டு.

1. எல்லைப்படுத்தும் அமினோ அமிலம்

"பதுளை" என்ற சொல்லை அமைக்க ப, து, ளை ஆகிய மூன்று எழுத்துகளும் தேவை. உங்களிடம் ப 10, து 10, ளை 4 இருந்தால் 4 சொற்களையே அமைக்கலாம். மீதி எழுத்துகள் வீண். புரதத் தொகுப்பும் இவ்வாறானதே. தானிய உணவில் முதலில் குறைபடுவது லைசீன். பயன்படாத அமினோ அமிலங்கள் ஈரலில் உடைக்கப்பட்டு, அவற்றின் நைதரசன் யூரியாவாகச் சிறுநீருடன் வெளியேறும். அதிலிருந்து உண்டாகும் அமோனியா தொழுவத்தின் கடும் வாடைக்கு ஒரு காரணம்.

எனவே மொத்தப் புரதத்தைச் சற்றுக் குறைத்து, லைசீன், மெதியோனீன், திரியோனீன் முதலியவற்றைத் தேவையான அளவு சேர்த்தால் வளர்ச்சி குன்றாது. நைதரசன் கழிவும் குறையும்.

2. கனியுப்பு அகத்துறிஞ்சல்

தானிய உணவிலுள்ள பொசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற்று வடிவில் உள்ளது. மாட்டின் அசையூண் இரைப்பையிலுள்ள நுண்ணங்கிகள் அதை உடைக்கும். ஒற்றை இரைப்பை உடைய பன்றியால் அதைப் போதியளவு உடைக்க முடியாது. பைற்றேற்று நாகம், கல்சியம், இரும்பு ஆகியவற்றையும் பிணைத்து வைத்திருக்கும். நாகம் குறைந்தால் தோல் தடித்துச் செதில்களாகும். பைற்றேசு என்னும் நொதியத்தை உணவில் சேர்ப்பது இதற்கு ஒரு தீர்வாகும்.

கவனிக்க: புரதத்தைக் குறைக்கச் சோயாப் புண்ணாக்கைக் குறைத்தால், அதிலுள்ள பொசுபரசும் பொற்றாசியமும் குறையும். ஆகவே கனியுப்புகளையும் மீண்டும் கணித்துச் சேர்க்க வேண்டும்.

உங்கள் உணவிலும் இதே விதிதான். கோதுமை மா ரொட்டியில் லைசீன் குறைவு. பருப்பில் அது அதிகம். இரண்டையும் சேர்த்து உண்பது நன்று. ஆனால் உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு அகத்துறிஞ்சல் குறையும். சற்று நேரம் கழித்து அருந்துங்கள்.

நினைவிற் கொள்க: உண்ட அளவு வேறு, உடல் பயன்படுத்தும் அளவு வேறு.

மாதிரி வினா: போதியளவு பொசுபரசு உள்ள தவிட்டை உண்டும் பன்றிக்குப் பொசுபரசுக் குறைபாடு ஏற்படுவது ஏன்?

விடை: அதன் பெரும்பகுதி பைற்றேற்று வடிவில் உள்ளது. அதை உடைக்கப் போதிய பைற்றேசு பன்றியின் குடலில் இல்லை. எனவே அது அகத்துறிஞ்சப்படாமல் மலத்துடன் வெளியேறுகிறது.