பின்சக்கரத்துக்கும் டிஸ்க் வேண்டுமா?

இங்கிலாந்தில் 'கிட் கார்' என்று ஒரு வகை உண்டு. கம்பெனி பாகங்களை மட்டும் அனுப்பும். வாங்கியவர் தம் வீட்டு ஷெட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். முழுக் காருக்கு அந்நாளில் இருந்த வரி, பிரித்து விற்ற பாகங்களுக்கு இல்லை என்பதே காரணம். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்த வகையில் பேர்போனது. 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனம் அதன் உரிமையை வாங்கிக்கொண்டது.

கோவென்ட்ரியில் இருக்கும் என் மகனிடம் அப்படியொரு பழைய செவன் இருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். "பின்னாலும் டிஸ்க் போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்குமே, அப்பா?" என்று போனில் கேட்டான். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுகிறவன் ஆயிற்றே, பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.

வண்டி அரை டன்னுக்குச் சற்று அதிகம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம், அதாவது சுமார் 2.24 மீட்டர். நிற்கும்போது எடை இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். எடை மையம் தரையிலிருந்து 0.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்தில் பிரேக் பிடிக்கையில் முன்னால் 68, பின்னால் 32 சதவீதம் என்று சாய்ந்துவிடும். ஆக, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. பாரமில்லாத பின்சக்கரத்தை அதற்கு மேல் இறுக்கினால் அது ஜாம் ஆகும். முன்சக்கரம் ஜாம் ஆனால் ஸ்டியரிங் கேட்காமல் வண்டி நேரே போகும். பின்சக்கரம் ஜாம் ஆனால் பம்பரமாகச் சுற்றிவிடும்.

ரயிலில் இதே கவலை வேறு உருவில் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. பெட்டிகளில் அச்சிலேயே டிஸ்க் இருந்தது. கூடவே, சக்கரம் வழுக்கினால் பிரேக்கைத் தளர்த்தும் கருவியும் இருந்தது. பழைய செவனில் அப்படி எதுவும் கிடையாது.

டிரம்மில் முன்பக்க ஷூவை, சுழலும் டிரம்மே உள்ளே இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை; ஆகவே காலிப்பர் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். 19 மி.மீ. சிலிண்டருக்குப் பதில் 38 மி.மீ. போட்டால் பரப்பு நாலு மடங்கு. மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்க வேண்டும். டிரம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தம் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட் உரசி உரசிச் சூடேறும். ஹேண்ட் பிரேக் இன்னொரு தலைவலி. அதற்காகவே அங்குள்ளவர்கள் போர்டு சியாராவின் பின் காலிப்பரைத் தேடிப் போகிறார்கள்; அதிலேயே ஹேண்ட் பிரேக் அமைப்பு இருக்கிறது. ஆனாலும் சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும். மேட்டில் நிறுத்திய வண்டி மெல்ல நகரக்கூடும்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தந்தது சோதிக்கும் விதம். மழை ரோட்டில் மிதித்துப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் நிற்கிறது" என்று சிலர் திருப்தியடைகிறார்கள். ஈர ரோட்டில் வண்டி மெதுவாகத்தான் நிற்கும். எடை முன்னால் அதிகம் சாயாது. பின்சக்கரத்தில் பாரம் இருப்பதால் அது எளிதில் ஜாம் ஆகாது. காய்ந்த ரோட்டில், எதிரே குழந்தை ஓடிவரும்போது மிதிக்கிற மிதியில்தான் குட்டு வெளிப்படும். டிஸ்க் போடுவதானால் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் போட்டு, காலியான இடத்தில், காய்ந்த தரையில் முன்சக்கரமே முதலில் ஜாம் ஆகிறதா என்று பார் என்றேன்.

அதற்கு முன் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் அச்சின் சீல் ஒழுகி, லைனிங் முழுக்க எண்ணெய்! சீலும் ஷூக்களும் மாற்றினான். டிஸ்க்குக்கென்று வைத்திருந்த பணத்தில், கெட்டித்துப் போயிருந்த நான்கு டயர்களையும் மாற்றிவிட்டான்.